காவல் குழை

குடியேற்றத்தின் கூட்டுத் தோட்டத்தில் அன்று பன்றிக் காவல் சூசைப்பிள்ளையின் முறை. பொழுது சாய, கம்பியில் கால் பட்டால் வெடிக்கும் கட்டுத்துவக்கைப் பாதைக்குக் குறுக்கே பூட்டினான். அதற்கு முன்னால் இலையோடு ஒடித்த பூவரசங் குழையொன்றை வாழைநாரால் கட்டிவிட்டான். குழையைக் கண்டால் அதற்கப்பால் போகக்கூடாது. சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும்.

குளத்தில் முழுகிவிட்டு வீட்டுக்கு வந்தான்.

"பிள்ளை எங்க?"

"தோட்டத்தில நிப்பியள் எண்டு தேத்தண்ணி குடுத்துவிட்டனான்," என்றாள் மனைவி எலிசம்மா. "பயப்பிடாதேங்கோ, குழையைக் கண்டா நிண்டு கூப்பிடுவாள்."

மத்தியானம் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிய வீட்டு ஆடு அப்போதுதான் படலைக்குள் நுழைந்தது. வாயில் பூவரசம் இலை. தாடியில் வாழைநார் தொங்கியது.

அவன் வாய் திறக்குமுன் தோட்டப் பக்கம் வெடி கேட்டது.

"பண்டி விழுந்திட்டுது!" என்று கைதட்டினாள் எலிசம்மா.