பழுதில்லாத ஒன்று

இந்த வண்டியில் கெட்டுப்போகாமல் இருப்பது ஒன்றே ஒன்று. அதைக் கெடுத்துக் கொடு என்கிறான்.

ஜாக்கி போட்டுத் தூக்கிய வண்டியின் அருகே குந்தியிருந்தேன். கழற்றிய முன்சக்கரம் பக்கத்தில் கிடந்தது. தம்பி எனக்குப் பின்னால் நின்றான். அவன் மூச்சு என் கழுத்தில் பட்டது.

என் ஷெட்டில் வேலை செய்கிறவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அவன்தான் சீக்கிரமே அனுப்பிவைத்தான்.

சின்ன ஹேட்ச்பேக்தான். அதற்குள் அதன் உடம்புக்கு மீறிய இன்ஜின். மூன்று கை மாறித் தம்பியிடம் வந்தது. சோதித்துப் பார்த்து "தைரியமா வாங்குடா" என்று சொன்னவள் நான்.

அன்றிலிருந்து அதன் ஒவ்வொரு நோவும் எனக்கு அத்துப்படி. ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடிக்கும். இரண்டாவது கியர் பல்லை நறநறத்துக்கொண்டுதான் விழும். தண்ணீர் பம்ப் ஒழுகி ஒருமுறை, டர்போ போய் ஒருமுறை நடுரோட்டில் நின்றது. இரண்டு வருடத்தில் இரண்டு கிளட்ச். சின்னப் பள்ளத்தில் இறங்கினாலும் அந்த ஒல்லி டயர் ஓரத்தில் முட்டை மாதிரி வீங்கும்.

"இது பெட்ரோல்ல ஓடலக்கா, என் சம்பளத்துல ஓடுது," என்று சிரிப்பான்.

சம்பளம் போதாத மாதங்களில் வீட்டில் ஏதாவது உடையும். தட்டு உடையும். கதவு உடையும். போன வருடம் அவன் மனைவியின் மணிக்கட்டு உடைந்தது.

ஆஸ்பத்திரியில் கேட்டபோது "படியில வழுக்கிட்டா" என்று சொன்னது அவன் இல்லை. நான்.

சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அவன் உடைப்பான், நான் ஒட்டுவேன். ஒட்டிய இடம் தெரியாமல் ஒட்டுவதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

நேற்றுக் காலை, துணிப்பையோடு வீட்டைவிட்டுக் கிளம்பிய அவன் மனைவியை இந்த வண்டி வாசல் கேட்டோடு சேர்த்துச் சுவரில் அறைந்தது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இன்னும் கண் விழிக்கவில்லை.

பிரேக் பிடிக்கவில்லை என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறான். வண்டியைச் சோதிக்க நாளை போலீஸிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அதுவரை அது என் ஷெட்டில்.

வண்டி வந்தவுடன் பிரேக் பெடலை மிதித்துப் பார்த்தேன். கல் மாதிரி நின்றது. அவன் வீட்டு வாசலையும் போய்ப் பார்த்துவிட்டேன். தரையில் டயர் தேய்ந்த கோடு ஒன்றுகூட இல்லை.

"ஒரு பிரேக் ஹோஸ், ரப்பர் குழாய்தானேக்கா. தேஞ்சு பிஞ்சு போச்சுன்னு நீ சொன்னா எவன் மறுத்துப் பேசப்போறான்?"

பேப்பர் வெட்டும் கத்தியை என் உள்ளங்கையில் திணித்தான். என் விரல்களை அவனே மடக்கிவிட்டான்.

நான் அசையவில்லை.

பின்கழுத்தில் கை விழுந்தது. நெற்றி மட்கார்டு விளிம்பில் மோதியது. இன்னொரு முறை. தகரம் புருவத்தைக் கிழித்தது.

ரத்தம் கண்ணில் இறங்கும்போதே எனக்குள் ஒரு பதில் தயாராகிவிட்டது. ஸ்பேனர் வழுக்கி அடித்துவிட்டது என்று சொல்லலாம். யாரும் இன்னும் கேட்கக்கூட இல்லை. பொய் அதற்குள் வந்து, வீட்டு ஆள் மாதிரி உட்கார்ந்துவிட்டது.

என்னைப் பார்த்து எனக்கே பயமாக இருந்தது. அவனைப் பார்த்து அல்ல.

அவன் வீல் ஸ்பேனரை எடுத்து வீசினான். நேற்று தப்பித்திருந்த ஒற்றை ஹெட்லைட் என் தலைக்குமேல் சிதறியது. முன்பக்கக் கிரில்லில் சிக்கியிருந்த ஏதோ ஒன்று கண்ணாடித் தூளோடு என் மடியில் விழுந்தது.

பழுப்பு நிறச் செருப்பு வார்.

"அவ கண்ணு முழிக்கிறதுக்குள்ள முடிக்கணும்க்கா. நான் உள்ள போயிட்டா உனக்கு யாரு இருக்கா?"

சொல்லிவிட்டு அழுதான். அழும்போது அவன் முகம் பத்து வயதுக்குப் போய்விடும். இதுவரை நான் ஒட்டியதெல்லாம் அந்த முகத்துக்காகத்தான்.

நான் செருப்பு வாரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து நாளுக்கு முன் அந்தச் செருப்பு இதே இடத்தில் கழற்றிவிடப்பட்டிருந்தது. தம்பி வெளியூர் போன நாள். அவளே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தாள்.

"நாலு சக்கரத்துக்கும் பிரேக்கைப் புதுசா மாத்திடுங்க அண்ணி. அவர்கிட்ட சொல்லாதீங்க. கோபத்துல ஓட்டறப்ப பக்கத்துல உக்காந்திருக்கிறவ நான்தானே."

புது பிரேக் போட்டபின் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது ஒற்றை ஆள் வேலை இல்லை. கீழே ஒருவர் திருகைத் திறக்கவேண்டும். மேலே ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்கவேண்டும். அன்றும் சாப்பாட்டு நேரம், ஆள் யாரும் இல்லை. உள்ளே அழுக்காகிவிடும் என்று செருப்பைக் கழற்றிவிட்டு அவளே ஏறி உட்கார்ந்தாள்.

நான் ஒவ்வொரு சக்கரமாக நகர்ந்தேன். அவள் வெறும் வலது காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டே இருந்தாள். வண்டிக்கு அடியிலிருந்து எனக்கு அவள் குரல் மட்டும் கேட்டது.

"விடலாமா அண்ணி?"

"விடாதே," என்றேன் ஒவ்வொரு முறையும்.

கத்தியின் அலகை உள்ளே தள்ளிச் சட்டைப்பையில் போட்டேன். செருப்பு வாரையும் அதோடு சேர்த்து வைத்தேன்.

"முடியாதுடா," என்றேன்.

கழற்றிய சக்கரத்தைத் தூக்கி அதன் இடத்தில் வைத்து, போல்ட்டுகளை ஒவ்வொன்றாக முடுக்கத் தொடங்கினேன்.