திட்டத் தெரியாத குரல்

“என்னைத் திட்டுடி, அமுதினி.”

இறந்தவர்களின் பழைய பேச்சுகளைக் கொண்டு அவர்கள் குரலிலேயே பேசும் பெட்டி செய்து தரும் நிறுவனத்தார், அதனிடம் இதை மட்டும் கேட்கவே கூடாது என்று எச்சரித்திருந்தார்கள். வளர்மதி கேட்டுவிட்டாள்.

“உன்னை எதுக்குடி திட்டணும்?” என்று சிரித்தது பெட்டி.

அமுதினி வெளிநாட்டுப் போரில் தொண்டு செய்யப் போய், ஒரு பள்ளிக்கூட வாசலில், பிள்ளைகளுக்கும் துப்பாக்கிக்கும் நடுவே நின்று செத்தவள். அவளோடு போகப் பெயர் கொடுத்திருந்த தோழி வளர்மதி, புது வேலையைச் சாக்குச் சொல்லி ஊரிலேயே தங்கிவிட்டாள்.

“பயந்தாங்கொள்ளி! வேலைன்னு ஏண்டி புளுகுறே? ரெண்டு பேர் நிக்க வேண்டிய எடத்துல இனி நான் ஒருத்தி நிக்கணும்” என்று அமுதினி கடைசியாகப் போனில் பேசிப் பதிந்து அனுப்பியிருந்தாள்.

குரல் செய்வதற்கு மகளின் பேச்சையெல்லாம் திரட்டித் தரும்படி, “நீதானே படிச்ச புள்ள” என்று அமுதினியின் அம்மா வளர்மதியை நம்பிக் கேட்டிருந்தாள். தன்னைத் திட்டிய அந்தக் கடைசிப் பேச்சை மட்டும் வளர்மதி கொடுக்கவில்லை.

“நீ வராததே நல்லதுடி. வந்திருந்தா நீயும் போயிருப்பே” என்றது பெட்டி.

செத்தாலும் இப்படிப் பேசுகிறவளா அமுதினி? அவளை இப்படிப் பேச வைத்தது யார் என்று வளர்மதிக்குத் தெரியும்.

வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அமுதினியின் அம்மா, “எம் புள்ள இன்னிக்கு என்ன சொல்றா?” என்று குரல் கொடுத்தாள்.

வளர்மதி பெட்டியை நிறுத்தினாள். கொடுக்காமல் வைத்திருந்த அந்தப் பேச்சு இருந்த போனை எடுத்துக்கொண்டு வெளியே அம்மாவிடம் நடந்தாள்.