நூற்றுப் பன்னிரண்டு முதல் நூற்றெட்டு வரை

நூலகர் பதினோரு புத்தகங்களை மேசையில் விரித்து வைத்திருந்தார். பதினொன்றிலும் அடிக்குறிப்பில் அதே கட்டுரை.

கட்டுரை மட்டும் எங்கேயும் இல்லை.

நான்கு பல்கலைக்கழகங்களுக்கு எழுதிக் கேட்டாயிற்று. அது வெளிவந்ததாகப் போட்டிருந்த இதழின் எல்லாத் தொகுதிகளையும் புரட்டியாயிற்று. என் மனைவியின் ஆய்வேட்டில் மூன்றாம் இயல் முழுக்க அந்தக் கட்டுரையை நம்பித்தான் நிற்கிறது. அடுத்த மாதம் சமர்ப்பிக்க வேண்டும்.

பிள்ளைகளை ஆளாக்கிவிட்டு நாற்பத்தெட்டு வயதில் ஆய்வுக்குப் பதிவு செய்தவள். கண்ணால் பார்க்காத எதையும் மேற்கோள் காட்ட மாட்டாள். எல்லாரும் போட்டிருக்கிறார்கள், நீயும் போட்டுவிட்டுப் போ என்று வீட்டில் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். ஒரு பேராசிரியர் பேசுகிற பேச்சா இது என்று என்னையும் கையோடு இழுத்து வந்துவிட்டாள்.

நூலகர் ஓர் அடிக்குறிப்பின் மேல் பென்சிலை வைத்தார்.

"பக்க எண்ணைப் பாருங்க மேடம். நூத்திப் பன்னெண்டுல ஆரம்பிச்சு நூத்தியெட்டுல முடியுது. பதினோரு பேரும் அப்படியே போட்டிருக்காங்க."

ஒருவர்கூடக் கட்டுரையைப் பார்க்கவில்லை. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருக்கிறார்கள். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நானும் சிரித்து வைத்தேன்.

அப்படியானால் இதை முதலில் எழுதிய புண்ணியவான் யார் என்று கேட்டாள்.

நூலகர் அதையும் தேடிப் பிடித்திருந்தார். எல்லாவற்றுக்கும் மூத்தது இந்த நூலகத்திலேயே, கீழ்த்தளத்து ஆய்வேட்டு அலமாரியில் கிடந்ததாம். மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நீல அட்டை. முதுகில் தங்க எழுத்தில் என் பெயர்.

வீட்டுப் பிரதியைக் கரையான் தின்றுவிட்டது என்று அவளிடம் என்றைக்கோ சொல்லியிருந்தேன்.

முப்பது வருடத்துக்கு முன்பு, சமர்ப்பிக்க இரண்டே நாள் இருந்தபோது ஒரு வாதத்துக்கு ஆதாரம் அகப்படவில்லை. நானே ஓர் ஆசிரியரைப் பிறப்பித்து, அவர் பெயரில் ஒரு கட்டுரையையும் பிறப்பித்தேன். அவசரத்தில் பக்கக் கணக்கு பிசகிவிட்டது. அதை நம்பிப் பதினோரு பேர். பன்னிரண்டாவதாக என் வீட்டிலிருந்தே ஒருத்தி.

வெட்கம் பிடுங்கித் தின்றது.

அவள் அந்த அடிக்குறிப்பை வெகுநேரம் படித்தாள். பிறகு அட்டையை மூடி, நூலகரிடம் சொன்னாள்.

"பாவம், அப்பவே இவரையும் யாரோ ஏமாத்தியிருக்காங்க."

இருக்கும் மேடம், இருக்கும் என்றார் நூலகர் அவசரமாக. நானும் தலையை ஆட்டினேன். தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன். அதை நினைத்தால் இன்னும் கூசுகிறது.

அவள் தன் நோட்டைத் திறந்து, துணைநூல் பட்டியலில் அந்தக் கட்டுரையை ஸ்கேல் வைத்து அடித்தாள்.

பிறகு முதல் பக்கத்துக்கு வந்தாள். நன்றியுரைக்கு எழுதி வைத்திருந்த வரைவு. ஆய்வு செய்யக் கற்றுக்கொடுத்த என் கணவருக்கு என்பது முதல் வரி.

அந்த வரியிலும் ஸ்கேலை வைத்தாள்.