எரியாத கிணறு

எரிவாயு தேடித் தோண்டிய பதினோராவது கிணற்றிலிருந்து வந்த வாயுவுக்கு இரண்டு முறை தீ வைத்தார்கள். பிடிக்கவில்லை.

"எரியாத கேஸ வச்சு நாக்கு வழிக்கவா? சிமெண்ட ஊத்தி மூடுங்கப்பா" என்றார் மேஸ்திரி சேதுராசு.

துளையிடும் ரிக்கின் வேலையாள் இருளப்பன் குழாயை விட்டு நகரவில்லை. காந்தத்தைக் குளிர்விக்கும் ஹீலியம் கிடைக்காமல் ராமநாதபுரம் ஆஸ்பத்திரி எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இயந்திரம் நின்று எட்டு மாதம். அவன் மனைவி மூக்காயியின் தலைக்குள் இருப்பது என்ன கட்டி என்று அதுதான் சொல்ல வேண்டும்.

"அண்ணே, ஹீலியமும் எரியாதுண்ணே. சோதிச்சுட்டு மூடுவோம்."

"பெரிய விஞ்ஞானி!" என்று முனகியபடி சேதுராசு வாயு சோதிக்கும் கருவியைக் குழாயில் வைத்தார். ஹீலியம் ஏழு சதவீதம் என்று காட்டியது; ஒரு சதவீதம் இருந்தாலே பிரித்தெடுக்கலாம்.

அவர் குரல் இறங்கிவிட்டது. "முன்னாடி பத்தையும் எரியலன்னு சோதிக்காமத்தாண்டா மூடுனேன். சுத்திகரிச்சு வர்ற முத சிலிண்டர நீயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ."

இருளப்பன் சேற்றிலேயே உட்கார்ந்தான். எட்டு மாதத்தில் முதல்முறையாக அவனுக்குப் பசித்தது.