மூச்சு கேட்கும் அளவுக்கு

அறிவிப்பாளர் பேனாவால் மேசையைத் தட்டினாள். ஒருமுறை.

ஒலிமானியின் முள் எழுந்து விழுந்தது. இயந்திரம் ஏமாந்தது.

ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். தொலைபேசியின் மறுமுனையில் காற்று. காற்றுக்குள் மூச்சு.

இருக்கிறாள்.

கல்லூரி வானொலியில் மௌனத்துக்கு அனுமதி இல்லை. பத்து விநாடி சத்தம் வராவிட்டால் கணினி தானாகவே பாட்டுப் போட்டுவிடும். பாட்டுத் தொடங்கினால் தொலைபேசி இணைப்பு அறுந்துவிடும். நேயர்கள் ஏடாகூடமாக ஏதும் பேசிவிடக் கூடாதென்று செய்து வைத்த ஏற்பாடு.

பேசாத நேயரைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

"பாட்டெல்லாம் வேணாம்க்கா," என்றுதான் நேயர் விருப்பத்துக்கு அழைத்த அந்தப் பெண் ஆரம்பித்தாள். "நாளைக்கு நான் இருக்க மாட்டேன். யார்கிட்டயாவது சொல்லணும்னு தோணுச்சு."

அதன் பிறகு ஒரு சொல் இல்லை. பெயர் இல்லை. இந்தப் பழைய தொலைபேசியில் எண்ணும் தெரியாது. ஆனால் வீட்டுக்குள் இப்படிக் காற்று வீசாது. உயரத்தில் எங்கோ நிற்கிறாள்.

இந்த ஊரில்தான் எத்தனை மாடிகள்.

கேட்டுக்கொண்டிருந்தவர்கள், யாரோ ஒரு பெண் பயணம் கிளம்புகிறாள் என்று நினைத்திருப்பார்கள். ஒலிவாங்கி முன் இருந்தவளால் அப்படி நினைக்க முடியவில்லை. முதலாண்டில் இதே வாக்கியத்தை, இதே தணிந்த குரலில், அவளும் சொல்லியிருக்கிறாள். பக்கத்துக் கட்டில்காரி தலை வாரிக்கொண்டே கேட்டாள், "ஊருக்கா?"

கேள்விகள் கேட்டுப் பார்த்தாள். கெஞ்சிப் பார்த்தாள். பேசும்போது அந்த மூச்சு கேட்பதில்லை. தன் குரலே அதன் மேல் விழுந்து மூடிவிடுகிறது.

அதனால்தான் இந்தச் சின்னச் சத்தங்கள். இயந்திரத்துக்குப் போதுமானவை. மூச்சை மறைக்காதவை.

தண்ணீர் பாட்டிலை ஆட்டினாள். முள் அசையவில்லை. பதறிப்போய் மூடியைத் திருகினாள். எழுந்தது.

வளையல்.

சாவிக்கொத்து.

பிஸ்கட் உறை.

கைபேசி ஒளிர்ந்தது. வானொலிப் பொறுப்பாசிரியர் இம்மானுவேல் சாரின் செய்தி. 'ஆன் ஏர்ல பாத்திரமா கழுவிட்டிருக்க? பாட்டப் போடும்மா!'

கவிழ்த்து வைத்தாள்.

மறுபடி காதைக் கொடுத்தாள்.

காற்று.

காற்று மட்டும்.

ஏதாவது. ஏதாவது ஒன்று. வாயைத் திறந்தாள். பாட்டு வந்தது. அதைப் பாட்டு என்று சொல்ல முடியாது. எந்தப் பாட்டின் வரியும் நினைவுக்கு வராமல், தன் விடுதியின் காலைச் சாப்பாட்டுப் பட்டியலை இழுத்து இழுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். திங்கள் இட்லி. செவ்வாய் உப்புமா. குரல் உடைந்தது. சுருதி எங்கோ போயிற்று. ஊரே கேட்கிறது. கேட்கட்டும். புதன் கிச்சடி. வியாழன் தோசை.

"பொங்கல்."

பாட்டை நிறுத்தினாள்.

"வியாழன் பொங்கல்க்கா. தோசையெல்லாம் உங்க பழைய ஹாஸ்டல்லதான். எங்களுக்கு யாரு போடறாங்க."

மூக்கை உறிஞ்சும் சத்தம்.

கைபேசியை நிமிர்த்தினாள். சாரின் செய்திக்குக் கீழே பெருவிரலால் தட்டினாள். 'புது ஹாஸ்டல் மொட்டை மாடி. ஒரு பொண்ணு நிக்கிறா. ஓடுங்க சார்.'

மறு கையால் ஒலிவாங்கியை அருகே இழுத்தாள்.

வெள்ளிக்கிழமை இரண்டு விடுதிகளுக்கும் பூரிதான். அது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

வெள்ளி இடியாப்பம் என்று பாடினாள்.