இரண்டு மலை, இரண்டு கொடி

"ஒத்தைப் பொம்பளை ரெண்டு மலை ஏறி எறங்குறதுன்னா வெளையாட்டா? உண்மையைச் சொல்லுங்க நல்லுசாமிண்ணே, உங்க வீட்டுக்காரம்மா பாதியில திரும்பிருவாங்கதானே?"

மேனேஜர் செந்தில்வேல் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்டார். கவுஞ்சி மலைக் கிராமத்தில் பூண்டு வயல்கள் முடிந்து சோலைக்காடு தொடங்குகிற இடத்தில்தான் அவர்களுடைய டிரெக்கிங் கம்பெனியின் தகரக் கொட்டகை இருந்தது. எதிரே அண்ணன் மலையும் தம்பி மலையும் ஒட்டி நின்றன.

"திரும்ப மாட்டா சார்," என்றார் நல்லுசாமி, முழங்காலைத் தேய்த்தபடி.

சித்திரை மாத சீசன். மலையேற வருகிற கூட்டத்துக்குப் புதிதாக ஒரு வழிகாட்டி தேவைப்பட்டது. அதற்குப் பரீட்சை வைத்தார் செந்தில்வேல். அண்ணன் மலை உச்சியில் ஒரு சிவப்புக் கொடி, தம்பி மலை உச்சியில் ஒரு மஞ்சள் கொடி. தன்னந்தனியாக, யார் உதவியும் இல்லாமல் ஏறி, இரண்டையும் பிடுங்கிக்கொண்டு நாலு மணிக்குள் கீழே வந்துவிட வேண்டும். வந்தால் வேலை.

போன வாரம் இரண்டு இளவட்டங்கள் முயன்று பார்த்தார்கள். ஒருவன் அண்ணன் மலையோடு போதும் என்று கும்பிடு போட்டான். இன்னொருவன் இரண்டு கொடியோடும் வந்தான், ஆனால் ஐந்து மணிக்கு, நாக்குத் தள்ளிப் போய்.

இன்றைக்கு நல்லுசாமியின் மனைவி ராஜகுமாரி. நாற்பத்திரண்டு வயது. புருஷனுடைய பழைய கம்பெனி ஷூவைக் கயிறு போட்டு இறுக்கிக்கொண்டு காலை ஆறு மணிக்குக் கிளம்பினாள். போகும்போது நல்லுசாமியிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"இந்தச் சோலி எம் பேர்ல கெடைக்கணும்ங்க."

அதை நினைத்து நினைத்துத்தான் அவருக்குக் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை.

"நேத்து கொடியெல்லாம் சரியா நட்டாச்சுல்ல?" என்றார் செந்தில்வேல்.

"நட்டாச்சு சார். காலையில நீங்களே பைனாகுலர்ல பாத்தீங்களே."

"பாத்தேன் பாத்தேன். பன்னெண்டு வருஷமா டூரிஸ்ட் ஏறுறதுக்கு மொதநாளே வெள்ளனே போயி, எங்க காட்டுமாடு நிக்குது, எங்க மரம் விழுந்து கெடக்குன்னு பாத்துட்டு வர்ற ஆளு நீங்க. உங்க ரிப்போர்ட் ஒருநாள்கூடத் தப்புனதில்ல. ஆனா பாருங்க, அதெல்லாம் ஆம்பளைங்களுக்குத்தான் சரிப்படும்."

நல்லுசாமி தலையிலிருந்த கம்பெனித் தொப்பியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

பத்து மணிக்கு மஞ்சு மூட்டம் இறங்கியது. இரண்டு மலையும் காணாமல் போயின. செந்தில்வேல் பைனாகுலரை மேசைமேல் வைத்தார். "அவ்வளவுதான். மஞ்சுல வழி தெரியாம எங்கயாச்சும் உக்காந்திருப்பாங்க. ரெண்டு மணிக்குத் தேடுறதுக்கு ஆள் அனுப்புவோம்."

ஆள் அனுப்ப வேண்டியிருக்கவில்லை. பன்னிரண்டரைக்கு மஞ்சைப் பிளந்துகொண்டு ராஜகுமாரி வந்தாள். இடது கையில் சிவப்பு, வலது கையில் மஞ்சள். மூச்சுக்கூடப் பெரிதாக வாங்கவில்லை. கொடிகளை மேசைமேல் வைத்துவிட்டு, "டீ இருக்கா?" என்று கேட்டாள்.

நல்லுசாமிக்கு எழுந்து நின்று கை தட்ட வேண்டும்போல இருந்தது. மேனேஜர் முன்னால் எப்படித் தட்டுவது? தன் டீயை அவள் பக்கம் நகர்த்தினார்.

செந்தில்வேல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கொடிகளைப் பார்த்தார். பிறகு நல்லுசாமியைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"ஆறரை மணி நேரம்! ரெண்டு மலைக்கும் நடுவுல சோலைக்குள்ள பூந்து வந்தாத்தான் இவ்வளவு வெரசா வர முடியும். அந்தக் குறுக்கு வழி ஒங்க ஒருத்தருக்குத்தானே தெரியும்? நேத்து கொடி நடப் போனப்ப கிளைக்குக் கிளை துணியக் கட்டி அடையாளம் வச்சுட்டு வந்துட்டீங்க. அப்படித்தானே?"

"அப்படியெல்லாம் இல்ல சார்."

"யார் உதவியும் இல்லாமன்னு சொன்னேன். புருஷன் வழி காட்டி ஏறுறது பரீட்சையாண்ணே? கேன்சல். வேற ஆளைப் பாத்துக்கறேன்."

ராஜகுமாரி டீயை மேசையில் வைத்தாள். அவள் கண் கலங்கியதை நல்லுசாமி பார்த்தார். வழுக்குப் பாறைக்கும் காட்டுமாட்டுக்கும் கலங்காத கண்.

"சார், ஒண்ணு சொல்லணும்," என்று நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார்.

"வேணாங்க," என்றாள் அவள் பதறி. "உங்க வேலை போயிரும். சொல்லாதீங்க."

"போனாப் போகுது புள்ள."

கம்பெனித் தொப்பியைக் கழற்றி, இரண்டு கொடிகளுக்கும் நடுவில் வைத்தார். இத்தனை நாளும் நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்த பெருமையோடு மேனேஜரை நிமிர்ந்து பார்த்தார்.

"நான் அவளுக்கு வழி காட்டல சார். கார்த்திகையில முட்டி போனதுலேருந்து நான் மலையில காலே வைக்கல; அன்னையிலேருந்து தெனமும் என் ஷூவ மாட்டிக்கிட்டு ரெண்டு மலையும் ஏறிப் பாத்துட்டு வர்றதும் அவதான், நேத்து அந்தக் கொடி ரெண்டையும் மேல நட்டுட்டு வந்ததும் அவதான்!"