பச்சைப் புள்ளி

"இந்தச் செய்தி அனுப்பினவங்க பேரைக் காட்டு, அல்போன்ஸ். சீக்கிரம்," என்றபடியே தணிகைவேல் கீபோர்டைப் பிடுங்கித் தட்டினான்.

"யாராலயும் முடியாது சார். பேரே தெரியக்கூடாதுன்னு காலையில நீங்கதானே பூட்டினீங்க?"

மனக்கஷ்டத்தில் இருப்பவர்களோடு பேசும் ஏ.ஐ. உதவியாளருக்கு, எழுத்தை அலசி ஆபத்தைக் கண்டுபிடிக்கும் கருவியை அன்றுதான் இருவரும் பொருத்தியிருந்தார்கள். ஆபத்து என்றால் சிவப்பு, நிம்மதி என்றால் பச்சை. சற்று முன் வந்த செய்திக்குக் கருவி பச்சைப் புள்ளி வைத்திருந்தது.

'கூண்டைத் திறந்து செம்பாவைப் பறக்க விட்டாச்சு. இப்ப மனசு லேசா இருக்கு. இனிமே எனக்காக யாரும் கவலைப்பட வேண்டாம்.'

"நல்ல சேதிதானே சார்? இதுக்குப் போய் ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?"

தணிகைவேல் மனைவிக்குப் போன் போட்டான்.

"கோமதி, பால்கனிக்குப் போய்க் கூண்டைப் பாரு."

செருப்புச் சத்தம் போய் நின்றது.

"திறந்து கிடக்குதுங்க. செம்பாவைக் காணோம். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நம்ம பொண்ணு எங்க?"

"அவளா? இப்பதான் வெளிய போனா. ரொம்ப நாளைக்கப்புறம் சிரிச்சுக்கிட்டே போனா."